என் அண்ணி வசீலாவின் சிவந்த ஈறு

என் அண்ணி வசீலாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் முதல் வார்த்தையிலேயே எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். என் அண்ணன் ஹமாதியின் பெண்டாட்டி அவள். துனீசியாவின் இந்தக் கைரவான் ஊரில் ஒரே முற்றம், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே துணிக்கொடி என்று அவளோடு காலம் தள்ளியிருக்கிறேன். கல்யாணமாகிப் போன வேகத்திலேயே புருஷன் வேண்டாமென்று உதறிவிட்டு அப்பா வீட்டுக்கு நான் திரும்பி வந்த அன்று, வாசற்கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வாடி மொஞ்சியா. அவன் துரத்திட்டானா, நீயே ஓடி வந்துட்டியா?"

"நானேதான் வந்தேன் அண்ணி."

"நல்லவேளை. அந்தப் பையன் பிழைச்சான்."

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் எங்களுக்குள் சண்டை ஓய்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தொட்டித் தண்ணீருக்குச் சண்டை, வெயில் விழும் இடத்தில் யார் மிளகாய் காயப்போடுவது என்று சண்டை, பெருநாள் ஆட்டின் தலை யாருக்கு என்று சண்டை. அவள் என்னை 'டி' போட்டுத்தான் பேசுவாள். நான் 'அண்ணி, நீங்க' என்று மரியாதை குறையாமல் பேசித்தான் அவள் மானத்தை வாங்குவேன்.

அவள் ஹஃபூஸ் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பத்துப் பெண். வந்த புதிதில் இவள் ரவையை ஆவியில் அவித்துக் குஸ்குஸ் செய்யும்போது என் அம்மா அடுப்படியில் நின்று, "குஸ்குஸ் பானையில பாதி ஆவி வீணாப் போகுது பாரு" என்று குறை சொன்னாளாம். "உங்க பையன் மாதிரியே அத்தை, சத்தம் வருது, வேலை நடக்கலை" என்றாளாம் இவள். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத பெண்! அம்மா அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அந்த வாயை வைத்துக்கொண்டுதான் பிழைத்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் பாதி நாள் டிப்போவிலும் மீதி நாள் காபிக் கடைச் சீட்டாட்டத்திலும் கிடந்தான். இவள் முற்றத்தில் ஒரு வாணலியை வைத்து மக்ரூத் போட ஆரம்பித்தாள். ரவை மாவுக்குள் பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்துத் தேனில் முக்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் எங்கள் பேட்டைக் கல்யாணங்களுக்கெல்லாம் இவள் கைதான் வேண்டுமென்று ஆகிவிட்டது. எந்த வீட்டுக்கு எள் தூவ வேண்டும், எந்த மாமியாருக்கு எள் ஆகாது, எவள் போன வருஷம் தட்டைத் திருப்பித் தரவில்லை, எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். எவள் எந்தக் கல்யாணத்தில் யாரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கும். யாராவது எதிர்த்துப் பேசினால் அவள் பாட்டியின் நிச்சயதார்த்தத்தில் நடந்த ரகளையிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். இவளோடு மோத ஊரே பயப்படும்.

அவளுக்கு இன்னொரு பெருமை, அந்த வாயின் நிறம். ஸ்வாக் என்று நாங்கள் சொல்வது அக்ரூட் மரத்துப் பட்டை. அதை மென்று தேய்த்தால் பல் வெளுக்கும், உதடும் ஈறும் செங்கல் நிறத்தில் சிவக்கும். கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் எங்கள் பெண்கள் போடுவார்கள். துக்க வீட்டுக்குப் போகும்போது போடக்கூடாது. புருஷன் இறந்தவள் துக்கம் கழியும்வரை கையாலும் தொடக்கூடாது. வசீலாவுக்குத் தினமும் பெருநாள்தான். காலையில் மென்றாள், சாயந்திரமும் மென்றாள். "என் ஈறைப் பாரு, உன் ஈறைப் பாரு. ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி வெளுத்துக் கிடக்கு" என்று என்னைக் கேலி செய்வாள். நானும் வயிறெரிந்திருக்கிறேன், பொய் சொல்வானேன்!

அந்தச் சிவப்புதான் எங்கள் எல்லோருடைய கண்ணையும் கட்டியது. அவள் கடித்த ரொட்டியில் சிவப்பாக ஒட்டியிருக்கும். ஹரிஸ்ஸா என்று நினைத்தோம். மிளகாய் விழுதில்லாமல் எங்கள் வீட்டில் யார் ரொட்டி தின்றார்கள்? தலையணை உறையில் கறை இருக்கும். ஸ்வாக் வழிந்திருக்கிறது என்று நானே திட்டிக்கொண்டு துவைத்தேன். வாய் நாறியது, கிராம்பை மென்றாள். நாற்றம் கூடியது; ஸ்வாக்கைக் கூட்டினாள். வேறெந்த ஊராக இருந்தாலும் ஒரு பெண்ணின் ஈறு இவ்வளவு சிவந்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். நாங்கள் அழகு என்று சொல்லி விட்டுவிட்டோம்.

அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். புத்தி போய்விட்டிருந்தது. முற்றத்தில் நின்று ஆடுகளைக் கூப்பிடுவாள். மகளையே திருடி என்று கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள். மகன்கள் எல்லோரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். வசீலா ஒருத்திதான் குளிப்பாட்டினாள், சோறூட்டினாள், அடியும் வாங்கினாள். அந்த விஷயத்தில் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு. அவளிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஒருநாள் அந்தக் கிழவியின் படுக்கைத் துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

"மொஞ்சியா, எனக்கு வேற எந்த எழவு நோய் வேணா வரட்டும். இது மட்டும் வரக்கூடாது. நான் சாகுறவரைக்கும் எல்லாரையும் திட்டணும்டி. யாரைத் திட்டுறோம்னு தெரிஞ்சு திட்டணும்."

அவள் கண் கலங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிழவி போய்ச் சேர்ந்து சில வருஷம் கழித்து, துணிக்கொடியை வைத்து எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. என் திரைச்சீலையை இழுத்துக் கிழித்தாள். நான் அவளுடைய மாவுத் தட்டைக் கவிழ்த்தேன். "இனி உன் மூஞ்சியில முழிச்சா நான் வசீலா இல்லை" என்று முற்றமே அதிரச் சத்தியம் செய்தாள். மறுநாள் காலையில் என் கதவைத் தட்டினாள். கையில் காபி.

"என்னடி மொஞ்சியா, முகம் வாடிக் கிடக்கு? உடம்பு சரியில்லையா?"

ஜெயித்துவிட்டோம் என்று முதலில் எனக்கு ஒரே சந்தோஷம். அவள் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. பணிந்து போகிறவளா இவள்? பணியவில்லை. அந்தச் சண்டையே அவள் தலைக்குள் இல்லை!

அதற்கப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். எள் ஆகாத மாமியார் வீட்டுக்கு எள் தூவிய தட்டு போயிற்று. கேட்க வந்தவளிடம் நீதான் எள் கேட்டாய் என்று சண்டைக்கு நின்றாள். அண்ணனிடம் சொன்னேன். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், நீ ஊதிப் பெருசாக்காதே" என்று சொல்லிவிட்டுச் சீட்டாடப் போனான்.

பிறகு ஒருநாள் தன் மக்ரூத்தையே கடித்தபோது அவளுடைய முன்பல் சாய்ந்து நின்றது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பல் டாக்டர் எம்னாவிடம் கூட்டிப்போனேன். சின்னப் பெண், ஸ்ஃபாக்ஸ் பட்டணத்துக்காரி, முகத்தில் சிரிப்பே கிடையாது. வாயைத் திறக்கச் சொல்லிப் பஞ்சால் ஈறை அழுத்தினாள்.

"ரத்தம் எவ்வளவு காலமா வருதும்மா?"

"ரத்தமா? ஸ்வாக்டி அது. உங்க ஊர்ல கிடையாதா?"

டாக்டர் பஞ்சை மாற்றி மாற்றி ஈறைத் துடைத்தாள். ஒரு பஞ்சு செங்கல் நிறத்தில் வந்தது, தூக்கிப் போட்டாள். அடுத்ததும் அப்படியே வந்தது. அதற்கடுத்த பஞ்சை எங்கள் இருவர் கண்ணுக்கும் நேராகப் பிடித்தாள். பச்சை ரத்தம், கூடவே சீழ். சாயம் போன இடத்தில் நானே எட்டிப் பார்த்தேன். ஊதிப்போய், ஊதா நிறமாகிப் பல்லைவிட்டுக் கழன்று கிடந்தது ஈறு.

"ஸ்வாக் மேல எனக்குக் கோபம் இல்லைம்மா. நோயை அது கொண்டுவரலை, மூடி வெச்சிருக்கு. ஈறு முழுக்கக் கெட்டுப் போயிருக்கு" என்றாள் டாக்டர்.

நான் சும்மா இருக்கவில்லை. "டாக்டர், இவங்களுக்கு இப்பல்லாம் மறதியும் வருது" என்றேன். வசீலா நாற்காலியில் படுத்தபடியே என்னை உதைத்தாள்.

டாக்டர் முகமூடியைக் கழற்றினாள். "ஈறு நோய் இருக்குறவங்களுக்கு மறதி நோய் கூடுதலா வருதுன்னு சில ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. ஈறுல இருக்குற கிருமியும் வீக்கமும் ரத்தம் வழியா உடம்பைக் கெடுக்கலாம்னு நினைக்கிறாங்க. வைத்தியம் பண்ணிக்கிட்டவங்களுக்கு அந்த ஆபத்து கொஞ்சம் குறையலாம்னும் சிலர் சொல்றாங்க. ஆனா உறுதியாகலை. மறதி வந்தவங்க பல்லைச் சரியா கவனிக்காததாலயும் ஈறு கெடலாம். எது முதல்லன்னு யாருக்கும் தெரியாது. மறதிக்கு நரம்பு டாக்டரைத் தனியா பாருங்க. ஈறை நான் பார்த்துக்கறேன்."

வசீலா எழுந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டிருந்தது. "நீ சுத்தம் பண்ணினா, எங்கம்மா மாதிரி ஆக மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டேன்."

"அப்ப நீ என்ன டாக்டர்?"

"பொய் சொல்லாத டாக்டர்."

இவளுக்குச் சரியான ஜோடி வந்து வாய்த்ததே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் டாக்டர் அடுத்துச் சொன்னதுதான் வினையாயிற்று. ஈறின் நிறத்தை வைத்துத்தான் குணமாகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும், வைத்தியம் முடியும்வரை ஸ்வாக் கூடவே கூடாது என்றாள். வசீலா மேலே போட்டிருந்த துணியை உருவி எறிந்துவிட்டு இறங்கினாள்.

"என் புருஷன் உயிரோட இருக்கான்! வெறும் வாயோட நான் கல்யாண வீட்டுல போய் நிக்கணுமா?"

வீடு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான்தான் சதி செய்து கூட்டிப்போனேனாம். அவளை விதவையாக்க நானும் அந்த ஸ்ஃபாக்ஸ்காரியும் கூட்டாம். அண்ணன் அன்றைக்கு அதிசயமாக வீட்டில் இருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"வாயில ஈறு வீங்கினா மண்டையில மூளை கெடுமா? அப்ப காதுல சீழ் வெச்சா கால் நொண்டுமா? கேக்கறவ கேனச்சின்னா என்ன வேணா சொல்லுவாங்க."

"உங்களுக்கு என்னண்ணே தெரியும்? பஸ்ஸுக்கு டீசல் ஊத்தத் தெரியும்" என்றேன்.

"நீ சும்மா இரு. இவ வெறும் வாயோட வெளியில போனா ஊர்ல என்னைப் பொதைச்சிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாங்க. எல்லாத்துக்கும் மேல, இவ அம்மாவுக்கு வந்தது இவளுக்கும் வரத்தான் போகுது. ரத்தத்துல இருக்கறதை ஈறைச் சுரண்டி எடுத்துட முடியுமா?"

சொல்லிவிட்டுச் சிகரெட்டைப் பற்றவைத்தான். என் கூடப் பிறந்தவன்தான். அந்த நிமிஷம் அவன் முகத்தில் அறைய என் கை துடித்தது.

வசீலா இடுப்பில் செருகியிருந்த ஸ்வாக் முடிச்சை எடுத்து அடுப்புத் தணலில் போட்டாள்.

"நான் உன்னை மறந்துட்டா உனக்குக் கொண்டாட்டம், இல்லையா ஹமாதி? நீ பண்ணினதெல்லாம் கணக்கு தீர்ந்துரும். அதுக்காகவே உன்னை மறக்க மாட்டேன்டா."

திரும்பி என்னைப் பார்த்தாள். "உன்னை யாருடி எனக்காகப் பேசச் சொன்னது? நாளைக்குக் கிளம்பித் தயாரா இரு, டாக்டர்கிட்ட போகணும்."

அந்த வாரமே பக்கத்துத் தெருவில் கல்யாணம். வசீலா பச்சைப் பட்டு உடுத்திக் காதில் தங்கமும் கண்ணில் மையுமாக, வாயை மட்டும் வெறுமையாக வைத்துக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும் பாட்டு சுருதி இறங்கியது. எங்கள் பேட்டையின் செய்தித்தாளான சலூஹா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ வசீலா, அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும்! ஹமாதி எப்ப போனாரு? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"இன்னும் போகலை. நானும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதற்குள் சேதி ஆண்கள் பக்கம் போய்விட்டது. தேநீர்க் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்த என் அண்ணனிடமே ஒருவன் வந்து, "ஹமாதி இறந்துட்டாராமே, பாவம்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்த்தானாம். அண்ணன் வீட்டுக்கு வந்து குதித்த குதியைப் பார்த்து நானும் வசீலாவும் ஒன்றாகச் சிரித்தோம். நாங்கள் ஒன்றாகச் சிரித்தது அநேகமாக அது ஒரு தடவைதான்.

வைத்தியம் லேசில் முடியவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் கல்லாகப் படிந்திருந்ததைப் பகுதி பகுதியாகச் சுரண்டினாள் டாக்டர். ஒவ்வொரு தடவையும் வசீலா வாய் திறந்திருக்கும்போதே திட்டினாள். வார்த்தை புரியாவிட்டாலும் அர்த்தம் புரிந்தது. ஒருதடவை டாக்டரின் விரலைக் கடித்தே விட்டாள். "பல்லு இன்னும் உறுதியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள் அந்தப் பெண். சாய்ந்த பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. நரம்பு டாக்டரிடமும் போனோம். ஆரம்பம்தான், விடாமல் வந்துகொண்டிருங்கள் என்றார் அவர்.

வீட்டில் பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டி பிரஷைக் கையில் கொடுத்து நான் எதிரே நின்றுகொள்வேன். "ஜெயில் வார்டன்" என்பாள். "கைதி, ஒழுங்கா தேய்ங்க" என்பேன். ரொட்டியில் சிவப்பு நின்றது. தலையணை உறை வெளுத்தது. வாய் நாற்றம் போயிற்று. கண்ணாடியில் தன் ஈறைப் பார்த்துவிட்டு, "இது ஒரு நிறமா? செத்த மீன் செவுள் மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கோ அந்த வெளிறிய இளஞ்சிவப்பைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது. வாய் சரியாகிவிட்டது, தலையும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லாததையெல்லாம் நானாகவே நம்ப ஆரம்பித்தேன்.

குளிர்காலம் கழிந்த ஒரு காலைப்பொழுது. முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் அவள் ரவையைச் சலித்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் போய்விட்டுப் பையோடு உள்ளே வந்தேன். நிமிர்ந்து பார்த்தாள். நல்ல சிரிப்பு, எனக்கு அவள் ஒருநாளும் காட்டாத சிரிப்பு. சல்லடையை வைத்துவிட்டு எழுந்து பாயைத் தட்டிப் போட்டாள்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க போல. காபி போட்டிருக்கேன், ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போகணும்."

விளையாடுகிறாள் என்று நினைத்துக் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. யாரோ விருந்தாளி வந்திருக்கிறாள், அவ்வளவுதான். என்னைப் போங்க, வாங்க என்கிறாள் இவள்! பாயில் உட்கார்ந்தேன். காபியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். "எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. யார்மேல் என்றுகூடத் தெரியாத கோபம். எழுந்து நின்று, அவள் சலித்து வைத்த ரவையைக் காலால் எத்திவிட்டேன். முற்றம் முழுக்கச் சிதறியது.

"அடியே வசீலா!" என்று கத்தினேன். அவளை 'டி' போட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. "ஆடு மேய்க்கிறவ மகளே, உனக்கு மக்ரூத் போடத் தெரியுமாடி? எங்கம்மா சொன்னது சரிதான், பானையில ஆவி அடைக்கக்கூடத் துப்பில்லாதவ நீ!"

அவள் சிதறிக் கிடந்த ரவையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது. நெற்றி சுருங்கி, மூக்கு விடைத்து, கை இடுப்புக்குப் போயிற்று.

"யாரைடி 'டி' போடுற? புருஷன் வீட்டுல வாழத் தெரியாம ஓடிவந்த நாயே! என் சோத்தைத் தின்னுட்டு என் ரவையையே எத்துறியா? உன் கொழுப்பை இன்னைக்கு அடக்கறேன் பாரு மொஞ்சியா!"

என் பெயர் அவள் வாயில் வந்ததும் நான் உடைந்துபோய் நின்றேன். கண்ணீர் நிற்காமல் வழிந்தது. விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள். பாயைப் பார்த்தாள். அதன்மேல் இருந்த காபியைப் பார்த்தாள். இந்த வீட்டில் எனக்குப் பாய் போட்டுக் காபி கொடுக்கிற வழக்கம் இல்லையென்று அவளுக்குத் தெரியும். விளக்குமாறு கையிலிருந்து நழுவியது.

"எவ்வளவு நேரம்டி?" என்று கேட்டாள்.

"காபி ஆறுறதுக்குள்ள வந்துட்டீங்க அண்ணி."